பேரு மார்கரெட்... பொருள் முத்து!

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது லெக்சரர் நம்ம பேரை ஒரே ஒரு எழுத்து மாத்திப் படிச்சாலும் மூக்குக்கு மேல கோபம் வருதா, இல்லையா? மார்க் ஷீட்ல இனிஷியல் இடம் மாறிடுச்சுன்னா நோட்டரி, கெஜட்டுனு மாசக்கணக்கா அலையறோம். லவ் லெட்டர் எழுதுற பார்ட்டிகள்கூட மொத பக்கத்துல எழுதிப் பார்க்கிறது அந்தப் பேரைத்தான்!

இத்தனைக்கும் அது நாம தேர்ந்தெடுத்தது கிடையாது. பேசக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே யாரோ முடிவு பண்ணி, காதுல மூணு தடவை சொல்லி, சர்க்கரைத் தண்ணி ஊத்தி கதையை முடிச்சுட்டாங்க. அந்தப் பேருக்கு ஒரு அர்த்தம் இருக்கும். அதுல ஒரு எதிர்பார்ப்பும் ஒளிஞ்சிருக்கும். 'நீ இப்படி இருக்கணும்'னு பெரியவங்க மனசுல போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கை ரெண்டாயிரம் வருஷமா தப்பாக்கிட்டே வர்ற ஒரு பேரைத்தான் இந்த வாரம் பார்க்கப் போறோம். பேரு மார்கரெட்.

உங்க ஹாஸ்டல்லயே ஒரு மார்கரெட் இருக்கலாம். அவங்களை 'மேகி'னு கூப்பிட்டு, 'ரெண்டு நிமிஷத்துல ரெடியா?'னு கடிக்கிற கோஷ்டியும் கூடவே இருக்கும். கடிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: நூடுல்ஸ் மேகிக்கும் மார்கரெட் மேகிக்கும் எந்தச் சொந்தமும் இல்ல. நூடுல்ஸ் பாக்கெட்ல இருக்கிறது ஜூலியஸ் மேகிங்கிற சுவிட்சர்லாந்து தொழிலதிபரோட குடும்பப் பேர். ஜோக்கை மாத்துங்க பாஸ்!

கடல்ல கிளம்பின பேர்

மார்கரெட்ங்கிறது ஐரோப்பா முழுக்கப் பரவின பழைய பெண் பேர். லத்தீன்ல 'மார்கரீட்டா', அதுக்கு முன்னாடி கிரேக்கத்துல 'மார்கரீட்டீஸ்'. அர்த்தம், முத்து. நம்ம ஊர் முத்துலட்சுமி, முத்துச்செல்வி எல்லாரும் ஒரு வகையில மார்கரெட்டோட அக்கா தங்கச்சிங்கதான்.

ஆனா கிரேக்கர்களுக்கு இது சொந்தச் சொல் இல்ல. முத்து அவங்களுக்குக் கிழக்கே இருந்து போன சரக்கு. சரக்கோட சேர்ந்து பேரும் போச்சு. பழைய ஈரானிய மொழியில இருந்துதான் இந்தச் சொல் போயிருக்கணும்னு மொழி ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்றாங்க. இன்னிக்கும் பாரசீக மொழியில முத்துக்கு 'மொர்வாரீத்'னு பேர். ஈரான்ல பொண்ணுங்களுக்கும் அந்தப் பேரை வைக்கிறாங்க. சமஸ்கிருத 'மஞ்சரி'யோட முடிச்சுப் போடுறவங்களும் உண்டு.

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புது. கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரோட சபைக்குத் தூதரா வந்தவர் மெகஸ்தனிஸ். அவர் எழுதின புத்தகம் முழுசா கிடைக்கல. ஆனா அதுல இருந்து எடுத்து, கி.பி. 2-ம் நூற்றாண்டுல அர்ரியன்ங்கிற கிரேக்க ஆசிரியர் 'இண்டிகா'னு ஒரு நூல் எழுதினார். அதுல ஒரு கதை வருது.

ஹெரக்ளிஸ்னு ஒரு மாவீரன். (நம்ம ஊர் சாமி ஒருத்தரைத்தான் கிரேக்கர்கள் தங்கள் வீரனோட பேரால சொல்றாங்க. கிருஷ்ணரா இருக்கலாம்னு பலரோட கணிப்பு.) அவனுக்குப் பிள்ளைங்க நிறைய. ஆனா பொண்ணு ஒண்ணே ஒண்ணு. பேரு பண்டையா. அவ ஆண்ட நாட்டுக்கும் அவ பேரே வந்துச்சாம். கடல்ல புதுசா ஒரு நகையைக் கண்டுபிடிச்ச ஹெரக்ளிஸ், கடல் முழுக்கத் தேடி அதைச் சேர்த்து, மகளுக்குப் போட்டு அழகு பார்த்தானாம். அந்த நகைதான் முத்து. 'இந்தியர்கள் மொழியில் இதுக்கு மார்கரிட்டானு பேர்'ங்கிறார் அர்ரியன்!

பண்டையா... பாண்டியா... ஏதாவது மணி அடிக்குதா? பாண்டிய நாட்டைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதினதுல ரொம்பப் பழசு இந்தக் கதை. கூடவே அர்ரியன் ஒரு சுவையான ரீலும் விடறார்: தேனீக்கூட்டம் மாதிரி முத்துச்சிப்பிக் கூட்டத்துக்கும் ஒரு தலைவர் உண்டாம், அதைப் பிடிச்சிட்டா மத்ததெல்லாம் வலையில தானா விழுமாம். ஆனா விலை விஷயத்துல மட்டும் ரீல் இல்ல. முத்தோட எடைக்கு மூணு மடங்கு தங்கம் கொடுக்கணும்னு எழுதியிருக்கார்.

அந்த முத்தை யார் எடுத்தாங்க? கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க வணிகர் எழுதின கடல் வழிக் கையேடு 'பெரிப்ளுஸ்'. அதுல பாண்டிய நாட்டுக் கொற்கை வருது. அங்கே முத்துக்குளிக்கிற வேலையை தண்டனை பெற்ற கைதிகளை வெச்சு செய்யறாங்கனு எழுதியிருக்கு. கல்லைக் கட்டிக்கிட்டு ஆழத்துக்கு இறங்கி, மூச்சை அடக்கி, சிப்பியை அள்ளிட்டு மேலே வரணும். ரோமாபுரியில ஒரு சீமாட்டி காதுல ஆடின முத்துக்கு இங்கே ஒருத்தர் நுரையீரல் விலை கொடுத்திருக்கு.

ஆக, இந்தப் பேரோட அடியில இருக்கிறது ஒரு அப்பாவோட ஆசை. மக அழகா இருக்கணும், அவளுக்கு நகை போட்டுப் பார்க்கணும். நல்ல ஆசைதான். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. முத்து பேசாது. எடுத்து வெச்ச இடத்துல இருக்கும். பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டினா பத்திரமா இருக்கும். 'எங்க பொண்ணு முத்து மாதிரி'னு சொல்றவங்க, சில சமயம் அந்தப் பெட்டியையும் சேர்த்தேதான் சொல்றாங்க.

இந்தப் பேர் வெச்ச பொண்ணுங்க பெட்டிக்குள்ள இருந்தாங்களா? வாங்க பார்ப்போம்.

டிராகன் வயித்தைக் கிழிச்ச பொண்ணு

ஐரோப்பாவுல இந்தப் பேரைப் பரப்பினது ஒரு புனிதை. அந்தியோக்கியா மார்கரெட். கி.பி. 300-ஐ ஒட்டி, ரோமப் பேரரசு கிறிஸ்தவங்களை வேட்டையாடின காலத்துல இறந்ததா சொல்லப்படுறவங்க. ஆடு மேய்ச்ச சின்னப் பொண்ணு. அந்த ஊர் ஆளுநர் பார்த்து மயங்கி, 'உன் மதத்தை விட்டுடு, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன்'ங்கிறான். 'முடியாது'னு ஒரே வார்த்தை. சிறை, சித்திரவதை. சிறைக்குள்ள சாத்தான் டிராகன் உருவத்துல வந்து அப்படியே முழுங்கிடுது. அவ கையில இருந்த சிலுவை உறுத்த, டிராகனோட வயிறு வெடிக்குது. பொண்ணு முழுசா வெளியே வர்றா!

'ஓவரா இல்ல?'னு நீங்க கேட்டா தப்பில்ல. 13-ம் நூற்றாண்டுல புனிதர்கள் கதையைத் தொகுத்த யாக்கோபுஸ் தெ வொராஜினேங்கிற பாதிரியாரே, டிராகன் மேட்டரை நம்ப முடியாதுனுதான் எழுதி வெச்சார். 1969-ல் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை தன்னோட பொது நாள்காட்டியில இருந்து இவங்க திருநாளை எடுத்துடுச்சு. வரலாற்று ஆதாரம் பத்தலைங்கிறதுதான் காரணம்.

ஆனா ஜனங்க விடல. வயித்துல இருந்து பத்திரமா வெளியே வந்தவங்கங்கிறதால, பிரசவ வேதனையில இருந்த பெண்கள் நூற்றாண்டுக் கணக்கா இவங்களைத்தான் வேண்டிக்கிட்டாங்க. பிறந்த பொண்ணுக்கு மார்கரெட்னு பேர் வெச்சாங்க. பேர் காட்டுத்தீ மாதிரி பரவினதுக்கு இதுவும் ஒரு காரணம். பிரான்ஸ்ல ஜோன் ஆஃப் ஆர்க்ங்கிற விவசாயி மக, தன்னோட பேசினதா சொன்ன குரல்கள்ல ஒண்ணு இந்த மார்கரெட்டோடது.

இன்னொரு மார்கரெட் ஸ்காட்லாந்து ராணி. ஹங்கேரியில பிறந்து, அகதியா ஸ்காட்லாந்து போய், ராஜாவைக் கல்யாணம் பண்ணி, 1093-ல் இறந்தவங்க. கோயிலுக்குப் போற ஏழை யாத்ரீகர்கள் ஆத்தைக் கடக்க இலவசமா படகு விட்டாங்க. எடின்பரோ பக்கத்துல 'குவீன்ஸ்ஃபெர்ரி'னு ஒரு ஊர் இருக்கு. அது இந்த ராணி விட்ட படகோட பேர்தான்.

'கால்சட்டை இல்லாத ராஜா'

இப்போ டென்மார்க். 1353-ல் பிறந்த மார்கரெட்டேவுக்குப் பத்து வயசுலயே கல்யாணம். மாப்பிள்ளை நார்வே ராஜா. அப்பாவும் போய், புருஷனும் போய், 1387-ல் ராஜாவா இருந்த ஒரே மகனும் 16 வயசுல இறந்துட்டான். அந்தக் காலத்துக் கணக்குப்படி அவங்க சேப்டர் அங்கே முடிஞ்சிருக்கணும்.

முடியல. டென்மார்க் பிரபுக்கள் அவங்களையே ஆளச் சொன்னாங்க. ஆனா ஒரு பொண்ணு ஆளறதுக்கு அவங்க சட்டத்துல பட்டமே இல்ல! என்ன பண்ணாங்க தெரியுமா? புதுசா ஒரு பட்டத்தை உருவாக்கினாங்க: 'முழு அதிகாரம் கொண்ட சீமாட்டி, எஜமான், நாட்டின் காப்பாளர்'. 'எஜமான்'னு போட்ட இடத்துல அவங்க எழுதின டேனிஷ் சொல் 'ஹுஸ்பொண்ட்'. குடும்பத் தலைவன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல நாம சொல்ற 'ஹஸ்பெண்ட்' அதோட சொந்தக்காரச் சொல்தான். அதாவது, ஒரு விதவையை ஒரு நாட்டோட குடும்பத் தலைவன்னு எழுத்துல எழுதிக் கொடுத்தாங்க.

பக்கத்து நாடான ஸ்வீடனை ஆண்ட ஆல்ப்ரெக்ட் இவங்களை 'கால்சட்டை இல்லாத ராஜா'னு கிண்டல் பண்ணதா ஒரு கதை. 1389-ல் மார்கரெட்டேவோட படை அவரைத் தோக்கடிச்சு சிறைப் பிடிச்சது. அப்புறம் அவர் தலையில கோமாளிக் குல்லா மாட்டிவிட்டாங்கனும் கதை உண்டு. கதை எப்படியோ, 1397-ல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூணும் ஒரே குடையின் கீழ் வந்தது சரித்திரம். கால்மர் கூட்டமைப்புனு அதுக்குப் பேர். 1523 வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்துல தாக்குப்பிடிச்சது.

1972-ல் டென்மார்க் அரியணையில மறுபடி ஒரு மார்கரெட்டே உட்கார்ந்தாங்க. அவங்க பிறந்தப்போ பொண்ணு பட்டத்துக்கு வர முடியாதுனு சட்டம். 1953-ல் மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடத்தி அதை மாத்தினாங்க. 'இரண்டாம் மார்கரெட்டே'னு நம்பர் போட்டுக்கிட்டாங்க. முதல் நம்பரை அந்தக் 'கால்சட்டை இல்லாத' ராணிக்கு விட்டுக்கொடுத்து! 52 வருஷம் ஆண்டுட்டு, 2024 ஜனவரி 14-ல் தானாவே பட்டத்தை மகன் கையில ஒப்படைச்சாங்க.

ஒரு பேர், ஊரெல்லாம் செல்லப்பேர்

வரலாறு போதும், கொஞ்சம் ஜாலி மேட்டர். மார்கரெட் அளவுக்குச் செல்லப்பேர் உள்ள பேரைப் பார்க்கிறது கஷ்டம். மேகி, மெக், மார்ஜ், மார்கோ, ரீட்டா, கிரேட்டா, கிரேட்டல், கிரெட்சென், மெய்ஸி, பெக்கி... எல்லாமே ஒரே மார்கரெட்தான். வேல்ஸ்ல மெகன், அயர்லாந்துல மரேட், போலந்துல மவ்கோஜாத்தா, ஹங்கேரியில மார்கிட்.

'மார்கரெட் எப்படிங்க பெக்கி ஆகும்?' நியாயமான டவுட். இங்கிலீஷ்காரங்களுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. பேரைச் சுருக்கி, அப்புறம் முதல் எழுத்தை மாத்தி எதுகை விளையாட்டு விளையாடுவாங்க. வில்லியம் சுருங்கி வில், அது பில் ஆச்சு. ராபர்ட் சுருங்கி ராப், அது பாப் ஆச்சு. மோலி போலி ஆன மாதிரி, மெக் பெக் ஆகி, பெக்கி ஆயிடுச்சு. நம்ம ஊர்ல ராஜேந்திரன் 'ராசு' ஆகறதும், காமாட்சி 'காமு' ஆகறதும் ஞாபகம் வருதா?

'டெய்ஸி' இன்னும் டாப். பிரெஞ்சுல மார்கரீட்னா பேரும்தான், ஒரு வெள்ளைப் பூவும்தான். அந்தப் பூவுக்கு இங்கிலீஷ்ல டெய்ஸினு பேர். அதனால மார்கரெட்டைச் செல்லமா டெய்ஸினு கூப்பிட ஆரம்பிச்சாங்க. இப்ப சொன்ன டென்மார்க் ராணிக்கும் வீட்டுல டெய்ஸினுதான் பேர். டெய்ஸிங்கிற சொல்லைப் பிரிச்சா பழைய இங்கிலீஷ்ல 'பகலின் கண்'னு வரும். காலையில விரிஞ்சு சாயங்காலம் மூடிக்கிற பூ. கடல்ல முத்தா கிளம்பி, வயல்ல பூவா முளைச்சிருக்கு ஒரு பேர்!

கிரெட்சென் கேட்ட கேள்வி

ஜெர்மனியில கதை கொஞ்சம் கனமானது.

பிராங்க்பர்ட் நகரத்துல ஒரு சத்திரத்துல வேலை பார்த்த பொண்ணு சுசன்னா மார்கரேத்தா பிராண்ட். வழிப்போக்கன் ஒருத்தனால கர்ப்பமாகி, 1771-ல் யாருக்கும் தெரியாம குழந்தையைப் பெத்து, அதைக் கொன்ன குற்றத்துக்காகக் கைதானாங்க. கல்யாணம் ஆகாம குழந்தை பெத்துக்கிட்டா அந்தக் காலத்துல வேலை போகும், வீடு போகும், ஊர் காறித் துப்பும். 1772 ஜனவரி 14-ல் ஊர் பார்க்க அவங்க தலையை வெட்டினாங்க. அந்த ஆண் மேல வழக்கே இல்ல.

அதே ஊர்ல அப்போ 22 வயசு வக்கீல் ஒருத்தர் இருந்தார். பேரு கதே. அந்தப் பொண்ணோட வழக்கு அவரை விடல. பின்னாடி ஜெர்மன் இலக்கியத்தோட உச்சம்னு எல்லாரும் சொல்ற 'ஃபவுஸ்ட்' நாடகத்தோட முதல் பாகம் 1808-ல் வந்தப்போ, அதுல வர்ற ஏழைப் பொண்ணுக்கு மார்கரேட்டேனு பேர் வெச்சிருந்தார். செல்லமா கிரெட்சென்.

நாடகத்துல ஃபவுஸ்ட் பெரிய மேதை. படிக்காத சாஸ்திரம் இல்ல. சாத்தானோட ஒப்பந்தம் போட்டவன். அவன் பேச்சுல கிறங்கிப்போன கிரெட்சென், ஒரு கட்டத்துல நேரா ஒரு கேள்வி கேக்குறா: கடவுள் விஷயத்துல நீ எந்தப் பக்கம்? மேதைக்கு நேர்ப் பதில் வரல. சுத்திச் சுத்தி, அழகழகா ஏதேதோ பேசுறான். கேட்டவளுக்குப் புரிஞ்சுடுது.

கடைசியில அவளும் சிறையிலதான். தப்பிச்சுப் போகலாம் வானு ஃபவுஸ்ட் கூப்பிடும்போது, வரமாட்டேன்னுட்டா.

அந்தக் கேள்வி ஜெர்மன் மொழியில ஒரு சொல்லாவே ஆகிப்போச்சு: 'கிரெட்சென்ஃப்ராகெ', அதாவது கிரெட்சென் கேள்வி. மழுப்ப முடியாதபடி ஆணிவேரைத் தொடுற கேள்விக்கு இன்னிக்கும் ஜெர்மன்காரங்க இந்தச் சொல்லைத்தான் சொல்றாங்க. அரசியல்வாதிங்ககிட்ட கேக்குறப்போ பத்திரிகைக்காரங்க இதை அடிக்கடி எழுதுவாங்க. நகைனு அர்த்தம் உள்ள பேர், ஒரு மொழியில கேள்வினு அர்த்தமாயிடுச்சு பாருங்க.

2018 ஆகஸ்ட் 20 அன்னிக்கு ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே, பள்ளிக்கூடத்துக்குப் போகாம ஒரு அட்டையோட தனியா உட்கார்ந்தாளே ஒரு 15 வயசுப் பொண்ணு... பூமி சூடாகுதே, என்ன பண்ணப் போறீங்கனு கேட்டாளே... அவ பேரு கிரேட்டா. அதுவும் மார்கரெட்தான்!

பேரைக் கழட்டி வெச்ச மார்கரெட்

அயர்லாந்துல டங்கனன்ங்கிற ஊர்ல 1867-ல் பிறந்தவங்க மார்கரெட் எலிசபெத் நோபல். லண்டன்ல டீச்சர். 1895-ல் விவேகானந்தரைச் சந்திச்சாங்க. ஆரம்பத்துல அவரோட நிறைய வாதாடினாங்க. 1898-ல் கல்கத்தா வந்து சேர்ந்தாங்க. அந்த வருஷம் மார்ச் 25-ல் விவேகானந்தர் அவங்களுக்கு ஒரு புதுப் பேர் கொடுத்தார்: நிவேதிதா. அர்ப்பணிக்கப்பட்டவள்னு அர்த்தம். அதே வருஷம் பாக்பஜார் சந்துல பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. பிளேக் வந்தப்போ தெருவுல இறங்கிக் குப்பை அள்ளினாங்க.

கல்கத்தாவுல அவங்களைச் சந்திச்ச ஒரு தமிழ் இளைஞர்கிட்ட, 'உங்க மனைவியை ஏன் கூட அழைச்சுட்டு வரல?'னு கேட்டதா சொல்வாங்க. எங்க சமூகத்துல அது வழக்கம் இல்லைனு அவர் சொல்ல, பாதி ஜனத்தை அடைச்சு வெச்சுட்டு என்ன விடுதலைனு நிவேதிதா மடக்கினாங்களாம். அந்த இளைஞர் நம்ம பாரதியார். 1908-ல் வந்த 'ஸ்வதேச கீதங்க'ளை அவர் காணிக்கையாக்கினது நிவேதிதாவுக்குத்தான். குருனே சொன்னார்.

மார்கரெட்ங்கிற பேர் போயிடுச்சு. ஆனா கேள்வி? அது அப்படியே இருந்துச்சு.

அடையாறுல ரெண்டு முத்து

இதோ கிளைமாக்ஸ். இவங்களும் அயர்லாந்துதான். 1878-ல் பிறந்த மார்கரெட் கஸின்ஸ். பெண்களுக்கு ஓட்டு வேணும்னு 1913-ல் டப்ளின் கோட்டையோட ஜன்னல் கண்ணாடியை உடைச்சு ஜெயிலுக்குப் போன ஆசாமி. 1915-ல் கணவரோட இந்தியா வந்தாங்க. 1919-ல் மதனப்பள்ளிக்கு தாகூர் வந்திருந்தப்போ, 'ஜன கண மன' மெட்டை மேற்கத்திய இசைக் குறிப்பா எழுதி வெச்சது இவங்கதான்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1917-ல் சென்னை அடையாறுல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்த டிசம்பர்லயே சரோஜினி நாயுடு தலைமையில ஒரு பெண்கள் குழு, பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில சந்திச்சு, இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுச்சு. ஏற்பாடு மார்கரெட். 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. சொத்து இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், ஆனா பிரிட்டிஷ் இந்தியாவுல இதுதான் முதல் மாகாணம்.

அந்த மாதர் சங்கத்துல இன்னொரு பெண்மணி. புதுக்கோட்டையில 1886-ல் பிறந்தவங்க. தேவதாசி மரபுல வந்த அம்மாவோட மக. பசங்க மட்டும் படிச்ச மகாராஜா காலேஜ்ல, எதிர்ப்பையெல்லாம் தாண்டிச் சேர்ந்த பொண்ணு. 1912-ல் டாக்டர் பட்டம். பேரு முத்துலட்சுமி.

அர்த்தம் பாருங்க. ஒருத்தங்க பேர் மார்கரெட், இன்னொருத்தங்க பேர்ல முத்து. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மேற்கே போன முத்து, திரும்பி வந்து இன்னொரு முத்தைப் பார்த்த மாதிரி!

சென்னை சட்டமன்றத்துக்கு மாதர் சங்கம் முத்துலட்சுமி ரெட்டியோட பேரைப் பரிந்துரை பண்ணுச்சு. பிரிட்டிஷ் இந்தியாவுல சட்டமன்றத்துக்குள்ள போன முதல் பெண் அவங்கதான். சபையோட துணைத் தலைவராவும் ஆனாங்க. சின்னப் பொண்ணுங்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுற வழக்கத்தை ஒழிக்கணும்னு அங்கே எழுந்து நின்னு கேட்டாங்க. பெரிய தலைவர்களே எதிர்த்தாங்க. முழுசா தடை பண்ற சட்டம் வர 1947 ஆச்சு. அவங்க விடல. 1954-ல் அடையாறுல புற்றுநோய் மருத்துவமனை ஆரம்பிச்சதும் அவங்கதான். அதே 1954-ல், அதே அடையாறுல, மார்கரெட் கஸின்ஸ் கண்ணை மூடினாங்க.

முத்துலட்சுமினு பேர் வெச்சவங்க என்ன நெனைச்சு வெச்சாங்களோ. முத்துப்போல இருக்கட்டும், லட்சுமிபோல வீட்டை நிறைக்கட்டும்னுதான் இருக்கும். சட்டமன்றத்துல உட்காரும்னு யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

பேர் திரும்பி வந்த கரை

கடைசியா ஒண்ணு. தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் போனீங்கன்னா, அந்தக் கடற்கரைக்கே முத்துக்குளித்துறைனு ஒரு பழைய பேர் உண்டு. 1530-கள்ல அங்கே முத்துக்குளிச்ச பரதவ மக்கள் கூட்டம் கூட்டமா கத்தோலிக்கம் தழுவினாங்க. போர்ச்சுக்கீசியர் வழியா ஐரோப்பியப் பேர்களும் அந்தக் கரையில இறங்கினது. அதுல மார்கரெட்டும் ஒண்ணு. தலைமுறை தலைமுறையா மூச்சடக்கி முத்து எடுத்த வீட்டுல, பொண்ணுக்கு முத்துனு அர்த்தம் உள்ள பேர். ஆனா அது வெளிநாட்டுப் பேர்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டாங்க!

1961-க்கு அப்புறம் தூத்துக்குடியில முத்துக்குளிப்பு நடக்கல. கொற்கையை விட்டுக் கடலும் தள்ளிப் போயிடுச்சு. பேர் மட்டும் இருக்கு. அந்தக் கரையில இருந்து ஒரு மார்கரெட் உங்க கிளாஸ்ல உட்கார்ந்து செமஸ்டர் எழுதிட்டிருக்கலாம். அடுத்த தடவை அவங்க பேரைக் கேட்டு 'ஃபாரின் பேரா?'னு யாராவது கேட்டா, பாண்டிய நாட்டு பண்டையா கதையை எடுத்து விடுங்க.

அப்புறம் உங்க பேர். வீட்டுக்கு போன் பண்றப்போ ஒரு தடவை கேட்டுப் பாருங்க, யார் வெச்சாங்க, என்ன நெனைச்சு வெச்சாங்கனு. அவங்க போட்ட கணக்கு தெரிஞ்சா நல்லதுதான். அதுக்குள்ளயே உட்கார்ந்திருக்கணும்னு கட்டாயம் இல்ல. பேர் வெச்சது அவங்க, அதை இத்தனை வருஷமா தூக்கிட்டுத் திரியறது நீங்கதானே!

கொசுறு

* இத்தாலி ராணி மார்கெரீட்டா 1889-ல் நேப்பிள்ஸ் நகரத்துக்கு வந்தப்போ, தக்காளி, சீஸ், துளசி வகை இலை மூணையும் போட்டு தேசியக் கொடி நிறத்துல செஞ்ச பீட்சாதான் 'மார்கெரீட்டா'ங்கிறது ரொம்பப் பிரபலமான கதை. வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் இதை நம்பறதில்ல. பீட்சா மட்டும் நிஜம்!

* மார்ஜரின் தெரியும்ல? வெண்ணெய்க்குப் பதிலா பேக்கரியில போடுற சமாச்சாரம். அதுவும் மார்கரெட்டுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. கொழுப்புல இருந்து பிரிச்ச ஒரு அமிலம் முத்து மாதிரி பளபளத்ததால, கிரேக்கச் சொல்லை எடுத்துப் பேர் வெச்சாங்க. அதுல இருந்து வந்ததுதான் மார்ஜரின்.

* டென்மார்க்கோட இரண்டாம் மார்கரெட்டே நல்ல ஓவியர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலுக்குப் புனைப்பேர்ல படம் வரைஞ்சிருக்காங்க. ராணியா இருந்தாலும் இன்னொரு பேர் தேவைப்பட்டிருக்கு பாருங்க!

(அடுத்த வாரம்: சோஃபியா)